பஞ்சவர்ணம் போன முகாம்

படி வந்தால் ஒரு இருமல். எதிரே ஆள் வந்தால் இரண்டு. வருகிறவர் ஆயராகவோ சபைச் செயலராகவோ இருந்தால் இரண்டோடு ஒரு கனைப்பும் சேரும். பஞ்சவர்ணம் கணவருக்கு அரையடி முன்னால், அவருடைய இடப்பக்கத்தை ஒட்டியே நடப்பாள். திருமுல்லைவாயில் சபையில் கிருபாகரன் படியில் இடறி யாரும் பார்த்ததில்லை. அவளுடைய இருமலைக் கேட்காதவர்களும் இல்லை. பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தி ஆடாதொடை இலை கொண்டுவந்து தருவாள், இன்னொருத்தி பனங்கற்கண்டு. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நேத்து குட்ச்சேம்மா, இப்ப தேவலாம் கீது" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த படி வந்துவிடும்.

வயது ஐம்பத்து நாலு. ஒடிசலான உடம்பு. முந்தானையை இடுப்பில் செருகியே பழகியதில் அவளிடம் இருக்கிற ஏழு புடவையும் ஒரே இடத்தில் நைந்திருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவள் பெயர் ரூத். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிடுவாள். ஆராதனையில் பெஞ்சில் உட்காரமாட்டாள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மின்விசிறிகளின் சத்தத்தைக் கேட்பாள். எட்டு விசிறியில் எது முனகுகிறது என்று பாட்டுக்கு நடுவிலும் சொல்லிவிடுவாள். ஆண்டவரைப் பற்றிப் பேசும்போது மாடியில் இருக்கிற வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற மரியாதையும் எச்சரிக்கையும் குரலில் இருக்கும். "அவருக்குத் தெரியாததா இன்னா. கேட்டா ஒரு நாளைக்கு ஒக்காந்து பேசிக்குவோம்."

கிருபாகரன் சபைப் பதிவில் ‘ஆலயப் பணியாளர்’. கூட்டுவது, மணி அடிப்பது, மைக் போடுவது, பீடத்துத் துணி மாற்றுவது, மோட்டார், ட்யூப்லைட், வாசல் பூட்டு எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். இருபத்திரண்டு வருடமாகச் செய்துவந்தார். ஆலயத்தின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை, தகரம் போட்ட ஒரு சமையல் மறைப்பு. வேலை இருக்கும்வரை அறை உண்டு. ஓய்வு அறுபதில். அவருக்கு நடப்பது ஐம்பத்தேழு. ஒரே மகள் கவிப்பிரியா ஐயப்பன்தாங்கலில் மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று ஏழு பேரோடு ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருக்கிறாள். அங்கே பெட்டியோடு போய் நிற்க முடியாது. இன்னும் மூன்று வருடம் இந்த அறையில் ஓட்டிவிட்டால் அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்பது பஞ்சவர்ணத்தின் திட்டம். திட்டத்துக்கு ஒரே இடைஞ்சல் அவருடைய கண்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதில், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது என்றார்கள். போன பார்வை வராது; மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். பக்கவாட்டில் எதுவும் தெரிவதில்லை. நேர் எதிரே மட்டும் ஒரு வட்டம். "பைப்புக்குள்ள பூந்து பாக்கற மாதிரி கீதுமே" என்றார் கிருபாகரன், ரயிலில் வரும்போது. திருமுல்லைவாயிலில் இறங்கும்போது முதல் இருமலை இருமினாள்.

அன்றிலிருந்து வேலை அவளுடையது, பெயர் அவருடையது. சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு எண் பலகையை இறக்கி, ஆயரின் மனைவி லாவண்யா எழுதித் தரும் சீட்டைப் பார்த்து எண்களைச் செருகுவாள். கிருபாகரன் எண் அட்டைகள் இருக்கும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். யாராவது எட்டிப்பார்த்தால் பலகை அவர் கைக்குப் போய்விடும். ஏணியில் ஏறி ட்யூப்லைட் மாற்றுவாள். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்திருப்பார். அதைப் பார்த்த ஒருவர், வயதான காலத்தில் பொம்பளையை ஏற விட்டுவிட்டு நிற்கிறாரே என்று கேலி செய்தார். "மூட்டு வலி சார் அவருக்கு" என்றாள் மேலேயிருந்து. ஞாயிறு காலை மணிக்கயிற்றை இழுப்பவளும் அவள்தான். அவர் மணிக்கூண்டு வாசலில் சாவிக்கொத்தோடு நின்று வருகிறவர்களுக்குத் தோத்திரம் சொல்வார். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லி விசாரிப்பதால், முன்னைவிட இப்போது மனுஷன் அன்பாகப் பழகுகிறார் என்று சபையில் பேச்சு.

இப்படி இரண்டு வருடம் போனது. போன பிப்ரவரியில் மேற்கு வட்டத்து ஒன்பது சபைகளும் சேர்ந்து நல்வாழ்வு முகாம் ஒன்று நடத்தின. ஆயர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் வருடா வருடம் நடப்பதுதான். இந்த முறை பணியாளர்களும் துணைவியரும் வரலாம் என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு தியான இல்லத்தில் மூன்று நாள். ஊழியம் செய்கிறவர்களின் உடலும் மனமும் இளைப்பாற வேண்டும் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது.

பஞ்சவர்ணத்துக்கு படிதான் முதலில் ஞாபகம் வந்தது. தெரியாத இடம், தெரியாத படி. நமக்கு இன்னாத்துக்கு ஓய்வு, மூணு நாள் பூட்டிட்டுப் போனா மோட்டாரை யார் போடறது என்று இழுத்துப் பார்த்தாள். கிருபாகரன் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் சபை அவரை ஒரு இடத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போடச் சொன்னார். வேனில் ஏறுமுன் கழுத்தில் மாட்டிய அட்டையை மூக்கருகே கொண்டுபோய், ‘திரு. கிருபாகரன்’ என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "பாத்தியாமே, திருவாம்."

தியான இல்லம் அவர்களைக் கவிழ்ப்பதற்கென்றே கட்டியதுபோல இருந்தது. தரையெல்லாம் பளபளவென்று ஒரே வெள்ளை டைல்ஸ். எங்கே தரை முடிகிறது, எங்கே படி இறங்குகிறது என்று நல்ல கண்ணுக்கே தெரியாது. கதவெல்லாம் கண்ணாடி. ஆயர்களுக்கு மாடியில் ஏசி அறை, பணியாளர்களுக்குக் கீழே மின்விசிறி அறை. கீழ் அறை என்று கேட்டதும் பஞ்சவர்ணம் ஸ்தோத்திரம் சொன்னாள். மனநிறைவுள்ள சகோதரி என்று பதிவு மேசையில் இருந்தவர் மெச்சிக்கொண்டார். முதல் நாள் மற்றவர்கள் இளைப்பாறியபோது அவள் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கும், கூடத்திலிருந்து குழாய்க்கும் நடந்து நடந்து அடி எண்ணினாள். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். இருமி இருமித் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

சாப்பாட்டில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு வரவில்லை. எழுந்து தட்டுகளை அடுக்கப் போனவளை லாவண்யா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "பஞ்சுக்கா, இன்னிக்கு நீங்க விருந்தாளி. உக்காருங்க." ஐந்து நிமிடம் கழித்து வேறு சபை ஆயரின் மனைவி ஒருத்தி திரும்பி, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா என்று அவளிடம்தான் கேட்டாள். பஞ்சவர்ணம் எழுந்து போய்க் கொண்டுவந்தாள். லாவண்யா தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மூச்சுப் பயிற்சி. இது யோகா இல்லை என்று பயிற்சி கொடுத்தவர் மூன்று தடவை சொன்னார். அப்புறம் தம்பதிகளுக்கான பயிற்சி. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பேசாமல், இரண்டு நிமிடம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். சுற்றிலும் சிரிப்பு, சில இடங்களில் மூக்கு உறிஞ்சும் சத்தம். கிருபாகரன் தலையை மேலும் கீழும் ஆட்டி வட்டத்துக்குள் அவளைப் பிடிக்கப் பார்த்தார்.

"இன்னா தெரியுது?" என்றாள் உதடு அசையாமல்.

"மூக்கு தெரியுது. மூக்குத்தி தெரியுது."

"அது போதும். ஆட்டாம உக்காரு. அந்தாளு பாக்கறான்."

மதியம் மருத்துவ முகாம். மேசைக்கு மேசை சீட்டு. எழுத்துப் பலகை மாட்டியிருந்த கண் மேசையைக் கண்டதும் பஞ்சவர்ணம் அவரை அப்படியே திருப்பி ரத்த அழுத்த மேசைக்கு ஓட்டினாள். போன மாசம்தான் பார்த்தோம் என்று சீட்டு எழுதியவரிடம் சொல்லிவிட்டாள். அவரைக் காப்பாற்றியாயிற்று. அகப்பட்டது அவள்தான். இரண்டு நாளாக அந்த வளாகம் முழுக்க அவளுடைய இருமல்தான் கேட்டிருந்தது. மார்பில் குழல் வைத்துப் பார்த்த சின்ன வயது டாக்டரம்மா, முகாமுக்கு வந்திருந்த வேனில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். படம் சுத்தமாக இருந்தது.

"எத்தனை நாளா இருமுறீங்க?"

"ரெண்டு வருசமா."

"ராத்திரி படுத்தா வருதா?"

"படுத்தா இன்னாத்துக்கு வருது. நடக்க சொல்லதான் வரும்."

"தனியா நடந்தா?"

பஞ்சவர்ணம் யோசித்தாள். யோசித்ததே தப்பாகப் போயிற்று. டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சீட்டில் எதையோ எழுதி, உடம்பில் குறை இல்லை, மனசில் ஏதோ பாரம் இருக்கிறது, ஆலோசகரைப் பாருங்கள் என்று அடுத்த அறைக்கு அனுப்பினாள்.

ஆலோசகர் சித்ரா நகரத்துப் பெரிய சபையிலிருந்து வந்தவர். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா. கதவைச் சாத்திவிட்டு, "இங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது சிஸ்டர்" என்றார். பஞ்சவர்ணம் ஒன்றும் இல்லை, தூசு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிப் பார்த்தாள். சித்ரா மறுக்கவில்லை. "நீங்க நல்லா தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. பூட்டினாயா, கூட்டினாயா, தண்ணீர் ஏற்றினாயா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பஞ்சவர்ணம் முந்தானையை இடுப்பிலிருந்து உருவி வாயில் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கண், பைப்பு, ஏணி, மணிக்கயிறு, இருமல், மூன்று வருடம். சித்ராவும் அழுதார், அது பொய் அழுகை இல்லை. கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டார்.

சபைகளில் இந்தக் கேள்விக்கு யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "செய்ங்கம்மா" என்றாள் பஞ்சவர்ணம். அன்றைக்குப் பகலிலேயே இரண்டு மணி நேரம் தூங்கினாள். இருமலுக்கு ஆள் இல்லாமல் கிருபாகரன் கட்டிலிலேயே உட்கார்ந்து காவல் காத்தார்.

மூன்றாம் நாள் கடைசி நிகழ்ச்சிக்குப் பாரம் இறக்குதல் என்று பெயர். ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெயர் போட வேண்டாம். ஒருவர் சத்தமாக வாசிப்பார், எல்லோரும் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். ஒன்பது ஆயர்களில் இளையவர் என்பதால் வாசிக்கும் வேலை திருமுல்லைவாயில் ஆயருக்கு வந்தது. ஒரு மகனின் குடிப்பழக்கம், ஒரு மகளின் வரன், ஒரு சபையின் நிலத்தகராறு. ஆறாவது சீட்டை எடுத்தார்.

"இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே ஆலயத்தில் பணி செய்யும் ஒரு சகோதரரின் கண்பார்வைக்காக."

இந்த இடத்தில் அவருக்கே குரல் இறங்கியது. ஆனால் ஜெபக் குறிப்பைப் பாதியில் நிறுத்துகிற வழக்கம் இல்லை.

"இரண்டு ஆண்டுகளாக அதை மறைத்து, அவருடைய வேலை முழுவதையும் தானே செய்துவரும் அவருடைய மனைவியின் பலத்துக்காக."

பெயர் இல்லை. ஒன்பது சபைப் பணியாளர்களில் இருபத்திரண்டு வருடம் ஆனவர் ஒருவர்தான். கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சித்ரா மட்டும் தலை கவிழ்ந்து உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். கிருபாகரனுக்கு யார் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர் பாட்டுக்கு, யாரோ ஒரு பாவப்பட்ட சகோதரருக்காக ஆமென் என்றார். இரண்டு விநாடி கழித்துத்தான் அவர் கை பஞ்சவர்ணத்தின் கையைத் தேடியது.

எல்லோரும் எழுந்து வந்து அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தலையில் ஒரு கை, தோளில் நாலு கை, கண்ணின் மேலேயே ஒருவர் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கடைசி நாள் நிகழ்ச்சிக்கென்று வந்திருந்த திருமுல்லைவாயில் சபைச் செயலரும் வந்து கை வைத்தார். பஞ்சவர்ணத்தைக் கட்டிக்கொண்டு அழுத பெண்களில் வெந்நீர் கேட்டவளும் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலரும் ஆயரும் அறைக்கு வந்தார்கள். கமிட்டியில் அன்போடு பேசி முடிவெடுத்திருப்பதாகச் செயலர் சொன்னார். இந்த நிலையில் அவரிடம் வேலை வாங்கினால் அது பாவம். ஏணியில் ஏறுகிறவர், மின்சாரத்தைத் தொடுகிறவர். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் சபைக்குத்தான் பேச்சு. மாதக் கடைசியோடு அவர் நிம்மதியாக ஓய்வெடுக்கலாம். அறை, வருகிற ஆளுக்கு வேண்டியிருக்கும். அவசரமில்லை, ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

"ஏணில அவரு ஏறியே ரெண்டு வருசம் ஆச்சி ஐயா" என்றாள் பஞ்சவர்ணம். "நான்தான் ஏறிகினு கீறேன். ஒரு பல்பு லேட்டா எரிஞ்சிச்சின்னு சபைல யார்னா சொல்லிக்கீறாங்களா?"

இல்லை என்று ஆயர் ஒத்துக்கொண்டார்.

"அப்ப என் பேரையே எய்திக்கங்க. அதே வேலை. நான் பாக்கறேன்."

செயலர் சிரித்தார். குழந்தை கேட்டதற்குச் சிரிப்பதுபோல, கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. "லேடீஸை எப்படிம்மா போடறது? பீடத்துக்குள்ள போவணும், மணி அடிக்கணும். நம்ம சபைல அந்த வழக்கம் கெடையாதே."

"தோ, காலைல மணி அடிச்சிதே. அது யாரு?"

செயலர் ஆயரைப் பார்த்தார். ஆயர் கைபேசியைப் பார்த்தார். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த கிருபாகரன், "உடும்மே" என்றார். போகும்போது செயலர், ஆண்டவர் ஒரு கதவைச் சாத்தினால் வேறொன்றைத் திறப்பார் என்று ஆறுதல் சொன்னார். பஞ்சவர்ணம் எழுந்து அவர்களுக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டாள்.

வழியனுப்பு நன்றாகத்தான் நடந்தது. சால்வை போட்டார்கள், கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்று கொடுத்தார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் ஐக்கியத்துக்காரிகள், இவ்வளவு நாள் இதையெல்லாம் எங்களிடம் சொல்லாமல் இருந்தாயே என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார்கள். சித்ராவிடமிருந்து கைபேசியில் இரண்டு கைகூப்பிய படத்தோடு செய்தி வந்தது: உங்களுக்காகத் தொடர்ந்து ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் சிஸ்டர். கவிப்பிரியா படித்துச் சொன்னாள். இன்னா பதில் போட என்று கேட்டதற்கு, "தோத்திரம்னு போடு. அந்தம்மா இன்னா பண்ணும், நல்லதுதான் நென்ச்சிது" என்றாள் பஞ்சவர்ணம். ஒரு நிமிடம் கழித்து, "அவ்ளோ பேரு ஜெபம் பண்ணாங்களே. ஒங்கப்பா வேலை போவக் கூடாதுன்னு ஒருத்தர்னா பண்ணியிருப்பாங்களா?" என்று மகளைக் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

இப்போது அண்ணனூரில், மின்ரயில் பணிமனைக்குப் பின்தெருவில் ஒரு போர்ஷன். ரயில்கள் ஷெட்டுக்குத் திரும்பும்போது பாத்திரங்கள் லேசாக அதிரும். பஞ்சவர்ணம் அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறாள். பதினாலு மாடி, லிஃப்ட் இருந்தும் படியில்தான் இறங்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். கிருபாகரன் ஜன்னலோரம் உட்கார்ந்து எந்த ரயில் காலி, எந்த ரயிலில் ஆள் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார்.

புது வீட்டுக்குப் போனால் ஆயர் வந்து ஜெபம் பண்ணுவது வழக்கம். இரண்டு மாதம் தள்ளி ஒரு வியாழக்கிழமை ஆயரும் லாவண்யாவும் வந்தார்கள். பஞ்சவர்ணம் பாய் விரித்து, டீ போட்டுக் கொடுத்தாள். புதிய ஆளைப் பற்றி லாவண்யா குறைப்பட்டுக்கொண்டாள். இன்வெர்ட்டர் இரண்டு தரம் நின்றுவிட்டதாம். அதற்கு எப்போதெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று ஆயர் கேட்டார். எந்த மாதம், எந்தத் தண்ணீர், எந்தக் கோடுவரை என்று பஞ்சவர்ணம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

பிறகு ஆயர் காலை மடித்துச் சரியாக உட்கார்ந்தார்.

"ஜெபக் குறிப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா."

"ஒண்ணும் இல்லிங்கையா."

"ஐயாவோட கண்ணு..."

"அது அப்டியே கீதுங்க. நாங்க நல்லா கீறோம்."

ஆயர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். லாவண்யா முக்காடு போட்டுத் தலை குனிந்தாள். கிருபாகரன் கைகூப்பினார். இந்த வீட்டின் வாசலையும் நிலையையும் ஆசீர்வதிக்கும்படி ஆயர் வேண்டிக்கொண்டிருந்தபோது பஞ்சவர்ணம் ஓசைப்படாமல் எழுந்து வாசலுக்குப் போனாள். ஆயரின் கறுப்பு ஷூக்களும் லாவண்யாவின் செருப்பும் வீட்டைப் பார்த்தபடி கிடந்தன. குனிந்து, முதலில் ஷூக்களை, பிறகு செருப்பை, ஜோடி கலையாமல் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.